ஒரு குறி, பல பொருள்

பாலாற்றங்கரையில் அமைந்த வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்கள் தோல் தொழிலுக்கும் காலணித் தயாரிப்புக்கும் பெயர்பெற்றவை. இங்கு உருவாகும் காலணிகள் ஐரோப்பிய நாடுகளுக்கும் ஏற்றுமதியாகின்றன. காலணி அளவை ஒன்று கூட்டினால் நீளம் எவ்வளவு மிகும்? ஆங்கிலேய முறையில் அங்குலத்தின் மூன்றில் ஒரு பங்கு, ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஐரோப்பிய முறையில் சென்டிமீட்டரின் மூன்றில் இரண்டு பங்கு, ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர். மேலும், ஆங்கிலேய முறையில் சிறுவர் அளவு 13இல் முடிந்ததும் அடுத்த அளவு மீண்டும் 1இல் தொடங்கும். அங்கு 13உடன் ஒன்றைக் கூட்டினால் 14 வாராது, 1 வரும்.

செயற்குறி பணிமிகுப்பு

'திங்கள்' என்னும் சொல் நிலவையும் மாதத்தையும் கிழமையையும் குறிக்கும். இடம் நோக்கியே பொருள் கொள்கிறோம். அதுபோல, ஒரே செயற்குறி தான் சேரும் தரவிற்கேற்ப வெவ்வேறு பணி செய்வதைச் செயற்குறி பணிமிகுப்பு என்பர். பியார்ன் ஸ்ட்ரௌஸ்ட்ரப் உருவாக்கிய சி++ மொழியில் இவ்வசதி உண்டு. எண்களாயின் 8 + 1 என்பது 9. எழுத்துச் சரங்களாயின் அதுவே 81. காலணி அளவு என்னும் புதிய தரவினத்தைப் படைத்து, 13க்குப் பின் 1 வருமாறு கூட்டற்குறியின் பணியை நிரலரே வகுக்கவும் இயலும்.

நிரல்பெயர்ப்பிகளின் முரண்

தரவு மாறும்போது பொருள் மாறுவது மொழியின் வசதி. தரவும் மாறாது, நிரலும் மாறாது, விடை மட்டும் மாறினால் அது சிக்கல். முழு எண் வகுத்தலில் −7 / 2 என்பதன் விடை −3 ஆகுமா, −4 ஆகுமா? சி மொழியின் 1989ஆம் ஆண்டுத் தரநிலை இம்முடிவை நிரல்பெயர்ப்பியை உருவாக்குவோரிடமே விட்டது. ஆகவே, ஒரு கணினியில் −3 தந்த நிரல் பிறிதொன்றில் −4 தரவும் இடமிருந்தது. 1999ஆம் ஆண்டுத் தரநிலை, பின்னத்தை நீக்கிப் பூச்சியத்தின் பக்கமாகவே குறைக்க வேண்டும் என வரையறுத்தது. விடை −3 என்றாயிற்று. சி++ மொழி 2011இல் அவ்விதியை ஏற்றது. பைத்தான் மொழியிலோ '//' குறி −4 என்றே விடை தருகிறது.

பொருளை வரையறுத்தல்

அளவு எண்ணை மட்டும் எழுதி, எம்முறை என்பதைக் குறிப்பிடாத ஆணையை நம்பித் தோலை வெட்டினால், வெட்டிய தோலை மீண்டும் ஒட்ட இயலாது. நிரலிலும் குறியின் பொருளை முன்னரே தெளிவாக வரையறுத்து, வெவ்வேறு நிரல்பெயர்ப்பிகளில் இயக்கிச் சோதித்தல் வேண்டும். எழுதியவர் கருதிய பொருளையே கணினியும் கொள்கிறது என்பதை அச்சோதனையே உறுதிப்படுத்தும்.