மண்ணெண்ணெயில் ஓடிய காரும் லினக்ஸில் இயங்கும் விண்டோஸ் மென்பொருளும்

1990ஆம் ஆண்டுக்குப் பின்வந்த பொருளாதாரத் தடைக்காலத்தை யாழ்ப்பாணக் குடாநாட்டில் கழித்தவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாகிவிட்ட அந்நாட்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடச் செய்தது நம்மவர் கைவண்ணம். கார் புகை கக்கிற்று; இழுவையும் குறைந்தது. ஆயினும் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார். மணமகள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஓர் எரிபொருளுக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தை மற்றோர் எரிபொருளில் ஓட்டிய அவ்வித்தைக்கு ஒப்பானதொன்று கணினி உலகிலும் உண்டு. அதனைப் பற்றியே இன்று வாசகர்களுடன் சிறிது உரையாட விரும்புகின்றோம்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவு 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. அதற்கு அடுத்ததான விண்டோஸ் 11, புதிய ரக நுண்செயலியையும் தனிப் பாதுகாப்பு வசதியையும் வேண்டி நிற்கின்றது. ஆகவே, பழுதேதுமில்லாத கணினிகளும் பழையன என்று மூலையில் ஒதுக்கப்படுகின்றன. இத்தகைய கணினிகளுக்கு மறுவாழ்வு தர வல்லது லினக்ஸ். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய முயற்சி அது. விலையின்றிப் பெறலாம், எவருக்கும் பகிர்ந்தளிக்கலாம். ஆனால், அச்சு வேலையும் படவேலையும் செய்வோர் பெரிதும் நம்பியிருக்கும் போட்டோஷொப், கோரல்ட்ரோ போன்ற மென்பொருள்கள் இன்று லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. இங்கேதான் சிக்கல் எழுகின்றது.

காணாமற்போன பெயர்

சில காலத்துக்கு முன் எமது அயலில் ஒரு பெரியவர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கல்வெட்டு வெளியிடுவது நம்மவர் வழக்கமன்றோ? சில ஆண்டுகளின் முன் அவர் துணைவியார் மறைந்தபோது கோரல்ட்ரோவில் அமைத்த கல்வெட்டு வீட்டுக் கணினியில் இருந்தது. அதிலுள்ள வம்சாவளியையும் வாழ்க்கைக் குறிப்பையும் எடுத்தாள விரும்பினர். ஆனால், அக்கணினியில் விண்டோஸ் செயலிழந்துவிட்டமையால், பல்கலைக்கழகத்தில் பயிலும் பேரன் அதில் லினக்ஸை நிறுவியிருந்தான். முறைப்படி வாங்கிய பழைய கோரல்ட்ரோ இறுவட்டு வீட்டில் இருந்தது. வைன் என்ற மென்பொருளின் துணையுடன் அதனை நிறுவ முயன்றோம். இருமுறை இடைநடுவில் நின்றுபோயிற்று. மூன்றாம் முறை திறந்தது. கோப்பும் திறந்தது. படமும் பூவேலையும் வைத்த இடத்தில் இருந்தன. எழுத்தைத்தான் வாசிக்க முடியவில்லை.

“மாமா, அம்மம்மாவின் பெயரைக் காணவில்லையே!” என்றான் பேரன்.

காரணம் இதுதான். இலங்கைத் தமிழரிடையே பரவலாக வழங்கும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கின்றது. எம் என்னும் சிற்றெழுத்தின் இடத்தில் ‘அ’ அமர்ந்திருக்கும். கே இருக்குமிடத்தில் ‘ம’ இருக்கும். அரைப்புள்ளியோ மெய்யெழுத்தின் புள்ளியாகும். எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்பது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்றுதான் தோன்றும். பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸின் எழுத்துருக் கோப்புறையிற் சேர்த்து மீண்டும் திறந்தோம். அம்மம்மாவின் பெயர் திரும்பி வந்தது. கல்வெட்டும் உரிய நாளில் அச்சாகி வந்தது.

வைன் என்பது யாது?

வரைகலை மென்பொருள் எதுவும் தனித்து நின்று வேலை செய்வதில்லை. “இங்கே சாளரத்தைத் திற, அங்கே இந்த எழுத்தை வரை, இக்கோப்பைச் சேமி” என்று இயங்குதளத்திடம் கேட்டுக்கேட்டே தன் காரியத்தை முடிக்கும. விண்டோஸிடம் கேட்கப்படும் அக்கேள்விகளை இடையில் நின்று வாங்கி, லினக்ஸுக்கு விளங்கும்படி எடுத்துரைப்பதே வைனின் பணி. முன்னாளில் நீதிமன்றிலே துரைக்கும் குடிமக்களுக்கும் இடையே நின்ற மொழிபெயர்ப்பு முதலியாரை இதற்கு உவமை கூறலாம்.

1993இல் தொடங்கப்பெற்ற இம்முயற்சியை 1994 முதல் அலெக்ஸாண்டர் ஜூலியார்ட் முன்னின்று நடத்தி வருகின்றார். 1.0 என்னும் முதலாம் நிலையான பதிப்பு வெளிவந்தது 2008இல். பதினைந்து ஆண்டுப் பொறுமையின் பயன் அது! கோரல் நிறுவனமே 2000ஆம் ஆண்டில் வைனைத் துணைக்கொண்டு கோரல்ட்ரோ 9ஐ லினக்ஸுக்கு வெளியிட்டது. எனினும் அம்முயற்சி நீடிக்கவில்லை.

முயல்வோர் அறியவேண்டியவை

மண்ணெண்ணெய்க் கார் புகைத்தது போல வைனுக்கும் குறைபாடுகள் உண்டு. போட்டோஷொப்பின் பழைய பதிப்புகள் பல ஓரளவு நன்றாக இயங்கும். சந்தா கட்டிப் பெறும் புதிய பதிப்புகளோ நிறுவும்போதே இடறுவது வழக்கம். வைன் திட்டத்தார் பேணும் பட்டியலில் மென்பொருள்களைப் பிளாற்றினம், தங்கம், வெள்ளி, வெண்கலம், குப்பை என ஐந்து தரமாக வகுத்துள்ளனர். முயலுமுன் அதனைப் பார்த்துக்கொள்வது நேரத்தை மிச்சப்படுத்தும். வைனில் இயங்காவிடின், லினக்ஸினுள்ளே மெய்நிகர்க் கணினி ஒன்றை அமைத்து அதில் விண்டோஸை முழுமையாக ஓட்டலாம். அதற்கு நினைவகமும் அதிகம் வேண்டும்; விண்டோஸ் உரிமமும் வேண்டும்.

லினக்ஸிலேயே இயல்பாக ஓடும் மென்பொருள்களையும் மாணவர்கள் பழகிக்கொள்ளல் நன்று. படங்களைத் திருத்த கிம்ப் உண்டு. ஓவியந் தீட்டக் கிறிற்றா உண்டு. கோட்டுருவங்களுக்கு 2003இல் தோன்றிய இங்க்ஸ்கேப் உண்டு. கிம்ப் போட்டோஷொப் கோப்பைத் திறக்கும். இங்க்ஸ்கேப் கோரல்ட்ரோ கோப்புகள் பலவற்றைத் திறக்கும். யுனிக்கோட் எனப்படும் ஒருங்குறித் தமிழை இவை செவ்வனே காட்டுகின்றன.

யாவற்றிலும் முக்கியமான ஒன்றைக் கூறி முடிப்போம். நம் வீட்டுக் கல்வெட்டுகள் வெறுங் காகிதங்களல்ல; ஊரின் வரலாறு அவற்றில் உறைகின்றது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம் நினைவு மலர்களையும் சேர்த்துப் பாதுகாப்பது அதனாலேயே. ஆகவே, பாமினியில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றி வையுங்கள். எங்கும் திறக்கக்கூடிய பீ.டி.எவ். பிரதி ஒன்றையும் எடுத்து வையுங்கள். ஒரு குடும்பத்தின் நினைவு ஒரே மென்பொருளின் தயவில் இருத்தல் ஆகாது. கிடைத்ததைக் கொண்டு காரோட்டிய பெற்றோரின் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமா?