வீட்ல தூங்குற இலவச லேப்டாப்பை பேங்கிங் லேப்டாப்பா மாத்தலாம்!

அரியலூர் சிமெண்ட் ஆலையிலயோ பெரம்பலூர் டயர் ஃபேக்டரியிலயோ வேலை பார்க்கிறீங்களா? ஐ.டி. ரிட்டர்ன் போட எங்கே போறீங்க? பிரவுசிங் சென்டர்னா, உங்க பான், ஆதார், பாஸ்வேர்ட் எல்லாம் யாரோ ஒருத்தர் கம்ப்யூட்டர்ல டைப் ஆகுது. அதுக்காக இ.எம்.ஐ.யில புது லேப்டாப் வாங்கவும் வேண்டாம்.

2011-ல ஆரம்பிச்ச தமிழக அரசின் இலவச லேப்டாப் உங்க வீட்டு பரண்ல இருக்கலாம். அதுல விண்டோஸ் 7 இருந்தா, மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே அதுக்கான பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திடுச்சு. ஆனா லேப்டாப்பைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

பப்பி லினக்ஸ்: இது 2003-ல வந்த இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம். சில நூறு எம்.பி.தான். பென் டிரைவ்ல போட்டு பூட் பண்ணினா, முழுசா ராம் மெமரிக்குள்ள ஏறி அங்கேயே ஓடும். 2 ஜி.பி. ராம் போதும். பழைய விண்டோஸ்ல வைரஸ் இருந்தாலும், அந்த விண்டோஸே ஓடாததால அதுக்கு வேலை இல்லை. ஷட் டவுன் பண்ணினா ராம்ல இருந்தது எல்லாம் போயிடும்.

2009-லயே ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் சைபர் கிரைம் போலீஸ் அதிகாரி ஒருத்தர், நெட் பேங்கிங்குக்கு இதையே பயன்படுத்தலாம்னு அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன்னாடி சொன்னார்.

கவனிக்க வேண்டிய 4 விஷயம்:

1. பப்பியோட அதிகாரப்பூர்வ தளத்துல இருந்து புது வெர்ஷனை மட்டும் டவுன்லோட் பண்ணுங்க.

2. ஷட் டவுன் பண்ணும்போது 'சேவ் பண்ணவா?'னு கேட்டா, வேண்டாம்னு சொல்லுங்க.

3. அதுக்கு முன்னாடியே ரிட்டர்ன் அக்னாலெட்ஜ்மென்ட்டை வேற பென் டிரைவ்ல எடுத்துக்கோங்க. இல்லைன்னா அதுவும் போயிடும்.

4. எக்செல் யூட்டிலிட்டி வேண்டாம். சம்பளம் மட்டும் வருதுன்னா போர்ட்டல்லயே ஆன்லைனா ஃபைல் பண்ணி, ஆதார் ஓ.டி.பி.யில இ-வெரிஃபை பண்ணலாம். 30 நாள் கெடுவை மறக்காதீங்க.

ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடறேன். போலி பேங்க் தளத்துல நீங்களே பாஸ்வேர்ட் போட்டாலோ, போன்ல ஓ.டி.பி. சொன்னாலோ எந்த லினக்ஸும் காப்பாத்தாது. பணம் போயிட்டா உடனே பேங்குக்கும் 1930-க்கும் கூப்பிடுங்க.

ஒரு பென் டிரைவ், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவ்வளவுதான் செலவு. புது லேப்டாப்புக்கு மாசாமாசம் கட்ட இருந்த இ.எம்.ஐ.யை ஒரு ஆர்.டி.யில போடுங்க. பேங்கிங்கும் பத்திரம், பணமும் உங்க கையிலயே இருக்கும்.