திரை ஹேங் ஆனால் முதலில் என்ன செய்வது?

பாதி அடித்த கடிதத்தோடு திரை அப்படியே நின்றுவிடுகிறது. அல்லது படம் கலைந்து வண்ணக் கோடுகளாக ஓடுகிறது. உடனே பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதே பலருக்கும் பழக்கம். சேமிக்காத வேலை அதோடு போய்விடும். அந்த நேரம் டிஸ்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த கோப்பு கெட்டுப்போகவும் கூடும். அந்தப் பட்டன் கடைசி வழியாகவே இருக்கட்டும்.

உயிர் இருக்கிறதா?

கேப்ஸ் லாக் விசையைத் தட்டுங்கள். அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உள்ளே இயங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஓடிய பாட்டு நிற்காமல் கேட்டாலும் அப்படித்தான். சிக்கியிருப்பது ஏதோ ஒரு செயலியாக இருக்கலாம். கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவராகவும் இருக்கலாம். இரண்டையும் மீட்க வழி உண்டு.

விண்டோஸ் 10, 11

விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்தபடி 'பி' (B) எழுத்தைத் தட்டுங்கள். ஒரு பீப் ஒலி கேட்கும். திரை ஒரு கணம் கறுத்து மீளும். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கியிருக்கிறது. திறந்திருந்தவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். மீண்டதும் முதல் வேலையாகக் கோப்பைச் சேமியுங்கள். விஸ்டா காலத்திலிருந்தே விண்டோஸ் இதைத் தானாகவும் செய்கிறது: கிராஃபிக்ஸ் சிப் 2 விநாடி பதில் தராவிட்டால் அதை மீட்டமைக்கும். திரை சில சமயம் தானாகவே கறுத்துத் திரும்புவதற்கு இது ஒரு காரணம்.

பலன் இல்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, நின்றுபோன செயலியை மட்டும் மூடுங்கள்.

லினக்ஸ்

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால், கறுப்புத் திரையில் எழுத்து மட்டும் வந்து பயனர் பெயர் கேட்கும். உள்ளே நுழைந்து 'டாப்' (top) கட்டளை கொடுங்கள். புராசஸரை விழுங்கும் நிரல் மேலே நிற்கும். அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு 'கில்' (kill) கட்டளையால் நிறுத்தலாம்.

அந்தத் திரையும் வராவிட்டால், ஆல்ட்டையும் பிரின்ட் ஸ்கிரீன் விசையையும் பிடித்தபடி எஸ் (S), யு (U), பி (B) எழுத்துகளைச் சில விநாடி இடைவெளியில் தட்டுங்கள். எஸ், காத்திருக்கும் தரவை டிஸ்கில் எழுதும். யு, டிஸ்கை வாசிக்க மட்டும் என்று பூட்டும். பி, மறுதொடக்கம் செய்யும். உபுண்டுவில் இந்த மூன்றும் இயல்பாகவே அனுமதிக்கப்பட்டவை.

கோடுகள் தெரிந்தால்

ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்கள். படத்திலும் கோடுகள் இருந்தால் டிரைவரையோ கிராஃபிக்ஸ் கார்டையோ சந்தேகிக்கலாம். படம் சுத்தமாக இருந்தால் முதலில் கேபிளை இறுக்குங்கள். பிறகு வேறு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். கணினியைப் போட்டதும் வரும் நிறுவன லோகோவிலேயே கோடுகள் இருந்தால் அது வன்பொருள் கோளாறு. டிரைவரை எத்தனை முறை மாற்றினாலும் தீராது. டிரைவர் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லையென்றால், விண்டோஸில் சேஃப் மோடில் நுழைந்து டிவைஸ் மேனேஜர் வழியே பழைய டிரைவருக்குத் திரும்புங்கள்.

இவை எதுவும் பலிக்காவிட்டால் பவர் பட்டனைத் திரை அணையும்வரை அழுத்திப் பிடிக்கலாம். திரை நின்ற பிறகு இந்த விசைகளை அதே கணினியில் தேடிப் படிக்க முடியாது. இன்றே ஒரு தாளில் எழுதி மேசையருகே ஒட்டிவையுங்கள்.