பாலைவனமும் பனிமலையும்: லடாக் செல்வோர் செய்ய வேண்டிய முன்னேற்பாடுகள் என்ன?

மைசூரு: கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூருவிலிருந்து மாலையில் புறப்படும் ஒருவர், பெங்களூரு, டெல்லி வழியாக விமானத்தில் பயணித்து, மறுநாள் காலையிலேயே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள லே நகரை அடைந்துவிட முடியும். பயணம் ஓர் இரவில் முடிந்துவிடுகிறது. ஆனால் அந்த உயரத்துக்கு ஏற்ப உடல் மாறுவதற்குப் பல நாள்கள் ஆகின்றன. லடாக் சுற்றுலாவில் ஏற்படும் உடல்நலச் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறுவதால் வருபவையே.

லடாக் மலை நாடு மட்டுமன்று. அது ஒரு குளிர் பாலைவனமும் ஆகும். லே நகரில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவே இருக்கும். நூப்ரா பள்ளத்தாக்கின் ஹுண்டர் கிராமத்தில் மணல்மேடுகளுக்கு இடையே இரட்டைத் திமில் ஒட்டகங்கள் நடமாடுகின்றன. அவற்றின் பின்னணியில் பனி மூடிய சிகரங்கள் நிற்கின்றன. உயரம், குளிர், வறட்சி, கடும் வெயில் ஆகிய நான்கையும் ஒரே பயணத்தில் எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், வழக்கமான மலைவாழிடச் சுற்றுலாவுக்கான ஏற்பாடுகள் இங்கு போதுமானவையாக இரா.

உயரத்தில் நிகழ்வது என்ன?

மலை உச்சியில் ஆக்சிஜன் இல்லை என்று பொதுவாகக் கூறப்படுவது சரியன்று. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் ஏறக்குறைய 21 விழுக்காடுதான். உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் செல்லும் ஆக்சிஜனின் அளவு குறைகிறது. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 65 விழுக்காடு மட்டுமே. 5,359 மீட்டர் உயரத்தில் உள்ள கார்துங் லா கணவாயில் அது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது.

தமிழகத்தின் மிக உயரமான சாலைகளில் பயணித்தவர்களுக்கும் இது புதிய அனுபவமே. உதகை சுமார் 2,240 மீட்டர், தொட்டபெட்டா சிகரம் 2,637 மீட்டர் உயரம் கொண்டவை. லே நகரம் தொட்டபெட்டா உச்சியைக் காட்டிலும் ஏறக்குறைய 860 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது.

உயரத்துக்குப் பழகாத உடலில், அங்கு சென்றடைந்த சில மணி நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைச்சுற்றல், களைப்பு, தூக்கமின்மை ஆகியவை தோன்றலாம். இதனை மலை நோய் என்பர். ஓய்வெடுத்தால் பெரும்பாலோருக்கு ஓரிரு நாள்களில் இது சரியாகிவிடும். அறிகுறிகளைப் பொருட்படுத்தாமல் மேலும் உயரத்துக்குச் செல்பவர்களுக்கு நுரையீரலில் நீர் கோப்பதும் மூளை வீக்கம் ஏற்படுவதும் உண்டு. இவை இரண்டும் உயிரைப் பறிக்கக்கூடியவை.

படைவீரர்களிடமிருந்து கற்ற பாடம்

இந்தியாவில் இந்தச் சிக்கல் பெரிய அளவில் வெளிச்சத்துக்கு வந்தது 1962-ஆம் ஆண்டுப் போரின்போதுதான். சமவெளியிலிருந்த இளம் வீரர்கள் போதிய அவகாசமின்றி இமயமலைப் பகுதிகளுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கு ஏற்பட்ட பாதிப்புகளை ஆராய்ந்த இந்திய மருத்துவர்கள், 1,925 வீரர்களைப் பற்றிய தங்கள் ஆய்வை 1969-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்டனர். உலக அளவில் மலை நோய் குறித்த அடிப்படை ஆய்வுகளுள் ஒன்றாக அது இன்றும் கருதப்படுகிறது.

இளமையும் உடல்வலிமையும் மலை நோயிலிருந்து காப்பதில்லை என்பதே அந்த அனுபவம் கற்பித்த பாடம். மைசூருவின் சாமுண்டி மலையில் சுமார் ஆயிரம் படிகளை நாள்தோறும் ஏறி இறங்கிப் பயிற்சி பெறுவது கால்களுக்கும் இதயத்துக்கும் நல்லது. லடாக்கின் மடாலயப் படிகளில் அது கைகொடுக்கும். ஆனால் குறைந்த காற்றழுத்தத்துக்கு உடலைப் பழக்க அப்பயிற்சியால் இயலாது. அதற்கு உயரத்தில் தங்கி நாள்களைச் செலவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. உடல்வலிமை மிக்கவர்கள் முதல் நாளிலேயே அதிகம் அலைந்து திரிவதால் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாவதும் உண்டு.

நாள்களைத் திட்டமிடுதல்

விமானத்தில் லே செல்பவர்கள் முதல் 48 மணி நேரம் நகரிலேயே தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பது அங்கு பரவலாக வழங்கப்படும் அறிவுரை. முதல் நாளில் அறையிலும் அதன் அருகிலும் மட்டும் நடமாடுவது நல்லது. மது, தூக்க மாத்திரை ஆகியவற்றை அறவே தவிர்க்க வேண்டும். இவை உறக்கத்தில் மூச்சின் வேகத்தைக் குறைக்கக்கூடியவை.

மூன்றாம் நாளில் சிந்து, சன்ஸ்கார் ஆறுகள் கூடும் நிம்மு, பழைமையான மடாலயம் அமைந்த ஆல்ச்சி போன்ற, லே நகரைவிடத் தாழ்வான இடங்களுக்குச் செல்லலாம். நான்காம் நாளில் கார்துங் லா வழியாக நூப்ரா செல்லலாம். கணவாய் மிக உயரமானது என்றாலும், இரவு தங்கும் ஹுண்டர் ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்திலேயே உள்ளது. பகலில் கடக்கும் உயரத்தைவிட இரவில் உறங்கும் உயரமே முக்கியம் என்பதால் இந்த வரிசை பாதுகாப்பானது. எனினும் கணவாயில் நீண்ட நேரம் நிற்காமல், படம் எடுத்துக்கொண்டு சில நிமிடங்களில் இறங்கிவிட வேண்டும்.

4,200 மீட்டருக்கும் மேல் உள்ள பாங்காங் ஏரிக்கரையில் இரவு தங்குவதைப் பயணத்தின் பிற்பகுதிக்கு ஒதுக்க வேண்டும். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று அல்லது நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஒரு நாள் ஓய்வெடுக்க வேண்டும் என்பது மலை மருத்துவ வல்லுநர்களின் பொதுவான வழிகாட்டுதல்.

சாலை வழியில் செல்வோர் ஸ்ரீநகரிலிருந்து கார்கில் வழியாகச் செல்வது படிப்படியாக உயரத்துக்குப் பழக உதவும். கார்கில் சுமார் 2,700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கு ஓர் இரவு தங்குவது நல்லது. மணாலி வழியில், இடையில் உள்ள சர்ச்சு சுமார் 4,290 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. சமவெளியிலிருந்து வந்த மறுநாளே அங்கு இரவு தங்குவது பலருக்கும் கடும் மலை நோயைத் தருகிறது.

லே விமான நிலையத்தில் பிற்பகலில் மலைக்காற்று வலுப்பதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே இயக்கப்படுகின்றன. வானிலை மாறினால் அவை ரத்தாகும்; நிலச்சரிவால் சாலைகளும் அடைபடும். 2010 ஆகஸ்டில் லே பகுதியில் பெய்த பெருமழை வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஆகவே திரும்பும் நாளுக்கு முன் குறைந்தது ஒரு நாளையாவது எவ்விதத் திட்டமுமின்றி விட்டுவைக்க வேண்டும்.

ஐந்து நாள் விடுப்பில் எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணும் குடும்பங்கள், முதலில் கைவிடுவது இந்த ஓய்வு நாள்களைத்தான். விடுப்பு குறைவாக இருந்தால் குறைக்க வேண்டியது பார்க்கும் இடங்களையே. ஓய்வு நாள்களை அன்று.

உணவு: மைசூரு காட்டும் வழி

உயர்ந்த மலையிலும் பாலைவனத்திலும் என்ன உண்பது என்ற கேள்விக்கு மைசூருவில் பல பத்தாண்டுகளாக விடை தேடப்பட்டு வந்துள்ளது. 1950-ஆம் ஆண்டு இங்கு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் திறக்கப்பட்டது. படையினருக்கான உணவை உருவாக்குவதற்கென்றே 1961-ஆம் ஆண்டு பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகம் தொடங்கப்பட்டது. எவரெஸ்ட், அண்டார்க்டிகா பயணக் குழுக்களுக்கும், 1984-ல் விண்வெளி சென்ற ராகேஷ் சர்மாவுக்கும் உணவு வழங்கியது இந்த ஆய்வகமே.

புலாவ், உப்புமா, அல்வா போன்ற உணவுகளைப் பல அடுக்குப் பைகளில் காற்றுப் புகாமல் அடைத்து, அழுத்தத்துடன் கூடிய உயர் வெப்பத்தில் நுண்ணுயிர் நீக்கிப் பாதுகாக்கும் முறை இத்தகைய ஆய்வுகளால் வளர்ந்தது. அவ்வாறு அடைக்கப்பட்ட உணவு குளிர்சாதனப் பெட்டியின்றிப் பல மாதங்கள் கெடாது. சூடாக்கினால் போதும், சமைக்க வேண்டியதில்லை. இன்று கடைகளில் கிடைக்கும் உடனடி உணவுப் பொட்டலங்கள் பலவும் இம்முறையில் தயாரிக்கப்படுபவையே.

இதன் பயன் மலையில் தெளிவாகத் தெரியும். லே நகரில் தண்ணீர் சுமார் 88 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுவதால், பிரஷர் குக்கர் இன்றி அரிசியும் பருப்பும் வேக நெடுநேரம் ஆகும். மேலும் உயரத்தில் பசி மந்தமாகிறது. எனவே அவல், கடலை மிட்டாய், பேரீச்சை, உலர்ந்த திராட்சை போன்ற, சிறிதளவே உண்டாலும் ஆற்றல் தரும் பொருள்களைக் கையில் வைத்திருப்பது நல்லது. கொழுப்பு மிகுந்த உணவைவிட மாவுச்சத்து உணவு இங்கு எளிதில் செரிக்கும்.

வறட்சியும் வெயிலும்

குளிர்ந்த வறண்ட காற்றில் வியர்வை உடனே ஆவியாகிவிடுவதால், உடல் நீரிழப்பது உணரப்படுவதில்லை. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறிது சிறிதாக நீர் அருந்த வேண்டும். சிறுநீர் வெளிர்நிறத்தில் இருப்பது போதிய நீர் உடலில் உள்ளதற்கு அடையாளம். அதற்காக அளவுக்கு மீறிக் குடிப்பதும் தீங்கே. நீரை மிகுதியாகக் குடித்தால் மலை நோய் வராது என்பதும் தவறான நம்பிக்கை.

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்வீச்சு ஏறத்தாழ 10 விழுக்காடு கூடுகிறது. பனி அதனைப் பெருமளவு எதிரொளிக்கிறது. எனவே கறுப்புக் கண்ணாடி, அகன்ற விளிம்புத் தொப்பி, சன்ஸ்கிரீன், உதட்டுக் களிம்பு ஆகியவை அழகுக்கானவை அல்ல, பாதுகாப்புக்கானவை. கோடைப் பகலில் 25 டிகிரி வரை இருக்கும் வெப்பம் சூரியன் மறைந்ததும் விரைந்து குறைவதால், ஒரே தடித்த ஆடையைவிட, கழற்றி அணியத்தக்க பல மெல்லிய அடுக்குகளே ஏற்றவை.

ராஜஸ்தானின் தார் பாலைவனத்துக்கும் செல்லத் திட்டமிடுவோர் பருவத்தைக் கவனிக்க வேண்டும். அங்குள்ள பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. தார் பகுதிக்கு அக்டோபர் முதல் மார்ச் வரையும், லடாக்குக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரையும் உகந்த காலம். இரண்டையும் ஒரே விடுப்பில் இணைப்பது ஏதேனும் ஒன்றைத் தகாத பருவத்தில் பார்ப்பதாகவே முடியும்.

மருந்தும் மருத்துவரும்

இதய நோய், நுரையீரல் நோய், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே மருத்துவரை அணுக வேண்டும். மலை நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரின் ஆலோசனையுடன் மட்டுமே உட்கொள்ள வேண்டும். சல்பா மருந்து ஒவ்வாமை உள்ளவர்கள் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இன்சுலின் உறைந்தால் பயனற்றுப் போகும் என்பதால் அதனைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும்.

கடைகளில் விற்கப்படும் சிறிய ஆக்சிஜன் குப்பிகள் சில நிமிடங்களுக்கே பயன்படும். அவற்றை நம்பி மேலே ஏறக் கூடாது. அவற்றை விமானத்தில் எடுத்துச் செல்லவும் இயலாது.

ஓய்வாக அமர்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், இடைவிடாத இருமல், நுரை கலந்த சளி, நேர்க்கோட்டில் நடக்க இயலாத தள்ளாட்டம், குழப்பமான பேச்சு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திராமல் உடனே தாழ்வான இடத்துக்கு இறங்க வேண்டும். லே நகரில் உள்ள சோனம் நோர்பூ நினைவு மருத்துவமனையில் மலை நோய்க்குச் சிகிச்சை பெறலாம்.

புறப்படும் முன்

வெளிமாநில ப்ரீபெய்டு செல்பேசி இணைப்புகள் லடாக்கில் இயங்குவதில்லை என்பதால் போஸ்ட்பெய்டு இணைப்பு தேவை. அதுவும் பல பள்ளத்தாக்குகளில் கிடைக்காது. பயணத் திட்டத்தின் நகலை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துச் செல்வது நல்லது. தொலைதூரக் கிராமங்களில் ரொக்கப் பணமே உதவும். எல்லைப் பகுதிகளுக்கான அனுமதி, கட்டண விதிகள் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் லே மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகளைச் சரிபார்க்க வேண்டும்.

வெளிநாட்டுப் பயணங்களுக்கும் இதே கணக்கே பொருந்தும். சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் தங்குவோர், 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள வெந்நீர் ஊற்றுகளைக் காண விடியற்காலையில் செல்கின்றனர். பொலிவியாவின் எல் ஆல்டோ விமான நிலையமோ 4,000 மீட்டருக்கும் மேல் உள்ளது. எந்த நாடாயினும், முதல் இரவில் எந்த உயரத்தில் உறங்கப் போகிறோம் என்பதை அறிந்து, அதற்கேற்ப ஓய்வு நாள்களை முதலில் குறித்துக்கொண்டு, எஞ்சிய நாள்களில் பார்க்க வேண்டிய இடங்களை அடுக்குவதே பாதுகாப்பான திட்டமாகும்.