துபாயில் டீச்சர் வேலையா? கையெழுத்து போடும் முன் ஆபர் லெட்டரை படிங்க!

சென்னை,

"துபாய்ல இன்டர்நேஷனல் ஸ்கூல் மேடம். மாசம் ஒரு லட்சம் சம்பளம். தங்குற இடம் ப்ரீ. நாளைக்கே பாஸ்போர்ட்டும் ஒரிஜினல் சர்டிபிகேட்டும் கொண்டு வந்துடுங்க. சீட் ரெண்டே ரெண்டுதான் இருக்கு..."

புத்தாண்டு பிறந்தாலே இப்படி போன் வர ஆரம்பித்து விடும். அமீரகத்தில் உள்ள இந்திய பாடத்திட்ட பள்ளிகளுக்கு ஏப்ரலில் புது கல்வியாண்டு தொடங்குகிறது. பிரிட்டிஷ் பாடத்திட்ட பள்ளிகளுக்கு கோடை விடுமுறை முடிந்து ஆகஸ்டு கடைசியில்தான் தொடக்கம். அதற்கு சில மாதம் முன்பே இண்டர்வியூ களைகட்டும்.

பி.எட். முடித்து இங்கே தனியார் பள்ளியில் 15 ஆயிரத்துக்கும் 20 ஆயிரத்துக்கும் கஷ்டப்படும் ஆசிரியைகளுக்கு ஒரு லட்சம் என்றதும் தலை சுற்றத்தான் செய்யும். நல்ல பள்ளிகளும் நிறைய இருக்கின்றன. போய் நன்றாக இருப்பவர்களும் ஏராளம். ஆனால் பேப்பரை படிக்காமல் கையெழுத்து போட்டு விட்டு, அங்கே போய் இறங்கிய பிறகு "சொன்னது ஒண்ணு, கொடுக்கிறது ஒண்ணு" என்று புலம்புபவர்களும் உண்டு.

டீச்சருக்கு சோதனை கிடையாது

10-ம் வகுப்பு தேறாதவர்கள் வளைகுடா நாட்டுக்கு வேலைக்கு போனால், மத்திய அரசின் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். அப்போது அவர்களுடைய வேலை ஒப்பந்தத்தை அதிகாரிகள் பார்ப்பார்கள்.

பட்டதாரி ஆசிரியைக்கு இந்த அனுமதி தேவையில்லை. 'படித்தவர், தானே பார்த்துக் கொள்வார்' என்று அரசு விட்டு விடுகிறது. அதாவது உங்கள் ஒப்பந்தத்தை உங்களைத் தவிர வேறு யாரும் படிக்கப் போவதில்லை. எனவே நீங்கள்தான் வரி விடாமல் படிக்க வேண்டும்.

எது உண்மையான ஒப்பந்தம்?

பள்ளி லெட்டர்பேடில் வருகிற கடிதம் ஒன்று. அமீரக தொழிலாளர் அமைச்சகத்தின் ஆபர் லெட்டர் இன்னொன்று. பலரும் முதல் கடிதத்தை பார்த்தே ஸ்வீட் கொடுத்து விடுகிறார்கள். ஆனால் அங்கே பிரச்சினை என்று வந்தால் முதலில் எடுத்துப் பார்ப்பது அமைச்சகத்தில் பதிவான பேப்பரைத்தான்.

விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அமைச்சகத்தின் ஆபர் லெட்டரில் உங்கள் கையெழுத்தை வாங்க வேண்டும். அங்கே போன பிறகு போடும் ஒப்பந்தம் அதோடு ஒத்துப்போக வேண்டும். சம்பளத்தை குறைத்து மாற்றி எழுத முடியாது.

இன்னொரு விஷயம் பலருக்கு தெரியாது. இந்த ஆபர் லெட்டரை அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் கேட்டு வாங்கலாம். அமைச்சகம் அனுமதித்த மொழிகளில் தமிழும் ஒன்று. "புரியலை" என்று சொல்ல கூச்சப்பட வேண்டாம்.

ஏஜென்ட் வாயால் சொன்னது, வாட்ஸ்-அப்பில் பேசியது எதையும் நம்பி இருக்காதீர்கள். வீடு, டிக்கெட், பிள்ளைக்கு பீஸ் சலுகை என எது சொன்னாலும் "பேப்பர்ல எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள்.

பேசிக்கில்தான் சூட்சுமம்

மொத்த சம்பளம் 4 ஆயிரம் திர்ஹாம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு திர்ஹாம் 24 ரூபாய் என்று கணக்கு போட்டால் 96 ஆயிரம் ரூபாய். சந்தோஷம்தான். ஆனால் அதில் அடிப்படை சம்பளம் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பாருங்கள்.

வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியை பேசிக்கை மட்டும் வைத்துத்தான் போடுவார்கள். ஓராண்டு முடித்தால்தான் கிடைக்கும். முதல் 5 ஆண்டுக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 21 நாள் பேசிக். அதற்கு மேல் வருடத்துக்கு 30 நாள்.

பேசிக் 2,400 திர்ஹாம் என்றால் 5 ஆண்டு முடிவில் 8,400 திர்ஹாம் வரும். அதே மொத்த சம்பளத்தில் பேசிக் 1,600 என்று எழுதியிருந்தால் 5,600தான் வரும். வித்தியாசம் 2,800 திர்ஹாம். நம்ம ஊர் காசுக்கு 67 ஆயிரம் ரூபாய்க்கு மேல்! மாதாமாதம் கையில் வாங்குவது ஒரே தொகைதான். அதனால் இந்த நஷ்டம் ஊருக்கு திரும்பும்போதுதான் தெரியும்.

குடும்பத்தை கூட்டிப்போக நினைப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அதற்கு 4 ஆயிரம் திர்ஹாம் சம்பளம், அல்லது 3 ஆயிரம் திர்ஹாமும் தங்குமிடமும் இருக்க வேண்டும். அதற்கு குறைந்தால் கணவரையும் பிள்ளைகளையும் போனில்தான் பார்க்க முடியும்.

சர்டிபிகேட் போகும் பாதை

டிகிரி, பி.எட். இரண்டுக்கும் அட்டஸ்டேஷன் வேண்டும். முதலில் தமிழக அரசின் உயர்கல்வித்துறை. அடுத்து மத்திய வெளியுறவு அமைச்சகம். அதற்கு அடுத்து அமீரக தூதரகம். கடைசியாக அமீரக வெளியுறவு அமைச்சகம். இந்த வரிசை மாறக்கூடாது.

"அப்போஸ்டில் முத்திரை போட்டாச்சு, போதும்" என்று யாராவது சொன்னால் எந்த நாட்டுக்கு என்று கேளுங்கள். ஓமன், பக்ரைன், சவுதிக்கு அது சரி. சவுதி 2022 டிசம்பரில்தான் இதில் சேர்ந்தது. அமீரகம் அந்த ஒப்பந்தத்தில் இல்லை. அங்கே தூதரக முத்திரைதான் செல்லும்.

சர்டிபிகேட் உண்மையானதுதானா என்று பல்கலைக்கழகத்தில் சரிபார்க்கவே பல நாள் ஓடி விடும். சர்டிபிகேட்டில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று இருந்தால் இன்னும் இழுக்கும். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியலை மாற்றியவர்கள் இதை முதலில் சரி செய்ய வேண்டும். எனவே இண்டர்வியூவுக்கு முன்பே வேலையை ஆரம்பிப்பது நல்லது.

பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாங்கும் போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். துபாயில் கல்வி ஆணையம் ஒப்புதல் தந்தால்தான் வகுப்பறைக்குள் நுழைய முடியும்.

விசிட் விசா என்றால் உஷார்!

"இப்ப விசிட்ல வந்துடுங்க. அங்க வந்ததும் மாத்திக்கலாம்" என்பார்கள். மாற்றிய பிறகு வேலையில் சேர்ந்தால் தப்பில்லை. ஆனால் மாற்றாமலே வகுப்பு எடுக்கச் சொன்னால் அது சட்ட விரோதம். சம்பளம் வராவிட்டால் கேட்க வழியில்லை. அபராதமும் வரும். வொர்க் பெர்மிட் இல்லாமல் ஆள் வைத்தால் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று 2024-ல் சட்டத்தை கடுமையாக்கி விட்டார்கள்.

ஏஜென்ட்டுக்கு எவ்வளவு?

பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக்கட்டணம் அதிகபட்சம் 30 ஆயிரம் ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி.யோடு 35 ஆயிரத்து 400. ரசீது தர வேண்டும். ஒன்றரை லட்சம், 2 லட்சம் என்று கேட்டால் எழுந்து வந்து விடுங்கள்.

ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை வெளியுறவு அமைச்சகத்தின் 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் லைசென்ஸ் எண்ணை போட்டு பார்க்கலாம். வாசலில் போர்டு மாட்டியிருப்பதை வைத்து நம்ப வேண்டாம்.

விசா செலவு பள்ளியுடையது. ஆள் எடுக்கும் செலவை ஊழியரிடம் வசூலிக்கக்கூடாது என்று அமீரக தொழிலாளர் சட்டமே சொல்கிறது. அந்த சட்டம் 2022 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது.

கேட்க வேண்டிய கேள்விகள்

* கோடை விடுமுறைக்கு சம்பளம் உண்டா? 12 மாத சம்பளமா, 10 மாத சம்பளமா?

* தகுதிகாண் காலம் எத்தனை மாதம்? (சட்டப்படி 6 மாதத்துக்கு மேல் கூடாது.)

* வீடு தனியா, இன்னொருவரோடு பகிர வேண்டுமா? கரண்ட், தண்ணீர் பில் யாருடையது?

* ஊருக்கு வந்து போக டிக்கெட் ஆண்டுதோறும் உண்டா? (வேலை முடிந்து திரும்பும் டிக்கெட்டை பற்றித்தான் சட்டம் பேசுகிறது. ஆண்டு டிக்கெட் பள்ளியின் விருப்பம்.)

* மருத்துவ காப்பீடு எனக்கு மட்டுமா, குடும்பத்துக்குமா? (ஊழியருக்கு காப்பீடு 2025 ஜனவரி முதல் எல்லா அமீரகத்திலும் கட்டாயம்.)

* வாரத்துக்கு எத்தனை பீரியட்? பஸ் டூட்டி உண்டா?

பிரசவ விடுப்பு சட்டப்படி 60 நாள். அதில் 45 நாள் முழு சம்பளம், 15 நாள் அரை சம்பளம்.

பாதியில் விலகினால்?

தகுதிகாண் காலத்தில் ஊர் திரும்ப நினைத்தால் 14 நாள் முன்பு எழுத்து மூலம் சொல்ல வேண்டும். அங்கேயே வேறு பள்ளிக்கு மாறினால் ஒரு மாதம். அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் உள்ளபடி 30 முதல் 90 நாள் வரை நோட்டீஸ். சொல்லாமல் கொள்ளாமல் விமானம் ஏறினால் மறுபடி அங்கே வேலைக்கு போவது சிக்கலாகி விடும்.

"விட்டுட்டு போயிடுவீங்க" என்று சொல்லி பாஸ்போர்ட்டை வாங்கி வைக்கக்கூடாது. அது சட்ட விரோதம். வெற்று காசோலை, வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை காட்டி விட்டு கையோடு திரும்ப வாங்கிக் கொள்ளுங்கள்.

கடைசி கையெழுத்து

வேலையை விட்டு வரும்போது விசா கேன்சல் பேப்பர் ஒன்று நீட்டுவார்கள். 'எனக்கு சேர வேண்டியது எல்லாம் வந்து விட்டது' என்று அதில் இருக்கும். பிளைட்டுக்கு நேரமாச்சு என்ற அவசரத்தில் பலரும் கையெழுத்து போட்டு விடுகிறார்கள். பணம் பேங்கில் ஏறியதை பார்த்த பிறகு போடுங்கள். வேலை முடிந்த 14 நாளில் பாக்கியை எல்லாம் கொடுத்து விட வேண்டும் என்பது சட்டம்.

புகார் யாரிடம்?

அங்கே தொழிலாளர் அமைச்சகத்தின் இலவச எண் 80084. துபாயில் உள்ள இந்தியர் உதவி மையத்தின் எண் 80046342. 50 ஆயிரம் திர்ஹாமுக்கு உட்பட்ட பிரச்சினையை அமைச்சகமே தீர்த்து வைக்கும். வேலை முடிந்து 2 ஆண்டுக்குள் கேட்க வேண்டும்.

இங்கே ஏஜென்ட் ஏமாற்றினால் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். ஏஜென்ட்டே வேண்டாம் என்பவர்களுக்கு தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. 1978 முதல் இயங்கி வருகிறது.

எங்கே புகார் கொடுத்தாலும் முதலில் கேட்கப்போவது "பேப்பர் இருக்கா?" என்பதுதான். ஆபர் லெட்டர், ஒப்பந்தம், பணம் கட்டிய ரசீது எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் வீட்டில் அம்மாவிடமோ, கணவரிடமோ கொடுத்து விட்டு பிளைட் ஏறுங்கள்.

பரீட்சை ஹாலில் "கேள்வித்தாளை ரெண்டு தடவை படிச்சிட்டு எழுதுங்க" என்று பிள்ளைகளுக்கு சொல்கிறவர்தான் டீச்சர். தன் வேலை பேப்பரையும் அதேபோல ரெண்டு தடவை படித்து விட்டால் வம்பே இல்லை.