கையால் வரைந்த அறை

ஓர் அறையைப் பார்ப்பது எளிது. அதைத் தாளில் வரைவது எளிதன்று. வரையத் தொடங்கிய பின்னரே, சன்னல் எந்த உயரத்தில் தொடங்குகிறது, கதவு எப்பக்கம் திறக்கிறது என்பவற்றை நாம் கவனித்ததே இல்லை என்பது புலனாகிறது. வீட்டின் உட்புறத்தை அமைக்கும் கலைஞருக்குக் கைவரைபடம் ஏன் வேண்டும் என்னும் வினாவிற்கு விடை இதிலேயே அடங்கியுள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரிட்டனின் கட்டடக் கலைஞர்கள் ஒரு முறையைக் கையாண்டனர். தாளின் நடுவே தரையை அளவுப்படி வரைவர். அதன் நாற்புறமும் நான்கு சுவர்களை, அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்தாற்போல வரைவர். எச்சுவரில் எது அமைகிறது, எதிர்ச்சுவரோடு அது இசைகிறதா என்பவற்றை ஒரே நோக்கில் காணலாம்.

அக்காலத்துப் பெருங்கலைஞர் ஸ்காட்லாந்தில் பிறந்த ராபர்ட் ஆடம் (1728–1792). இன்று குரோஷியாவில் ஸ்பிலிட் என வழங்கும் நகரில், ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் அரண்மனை இடிபாடுகளை 1757-இல் துணைவர்களோடு அளந்து வரைந்தார். 1764-இல் அவற்றை நூலாக வெளியிட்டார். லண்டனை அடுத்த ஆஸ்டர்லி மாளிகையில், பண்டைய மட்கலச் சித்திரங்களைத் தழுவி ஓர் அறையை அமைத்தபோது, சுவரையும் விதானத்தையும் மட்டுமன்றி, அங்கே இடவேண்டிய நாற்காலிகளையும் அவரே திட்டமிட்டார். எனவேதான் அவ்வறை ஒரே உள்ளத்தின் படைப்பாகத் திகழ்கிறது. ஆடம் சகோதரர்களின் வரைபடங்கள் ஏறத்தாழ 8,000 இன்றும் லண்டனில் சர் ஜான் சோன் காட்சியகத்தில் உள்ளன. 1833-இல் சோன் அவற்றை விலைக்கு வாங்கிக் காத்திராவிடில், அவை சிதறிப் போயிருக்கக்கூடும்.

வரைபடம் பிழையை மலிவாக்குகிறது. தாளில் செய்த தவற்றை அழித்துத் திருத்தலாம். சுவரில் செய்த தவற்றை இடித்தே திருத்த வேண்டும். தச்சருக்கும், சாந்து பூசுபவருக்கும், வீட்டுக்குடையவருக்கும் பொதுமொழியாக விளங்குவதும் அதுவே.

இன்று கணிப்பொறி நொடியில் நேர்த்தியான படத்தைத் தருகிறது. நுட்பமான அளவுகளுக்கு அது பெருந்துணை. ஆயினும், எண்ணம் முதிருமுன்பே முடிந்த பொருள்போலத் தோன்றும் படம், மேலும் சிந்திப்பதைத் தடுத்துவிடலாம். கைக்கோடோ தயங்குகிறது, மாறுகிறது. அத்தயக்கத்திலேதான் சிந்தனை நிகழ்கிறது.

மாணவர்களே! இன்று உங்கள் படிக்கும் அறையை அளந்து, தரையையும் நான்கு சுவர்களையும் விரித்து வரையுங்கள். ஓரங்களை வெட்டிச் சுவர்களை மடித்து நிறுத்துங்கள். நாள்தோறும் இருந்த அறையை அப்பொழுதுதான் முதன்முறையாகக் காண்பீர்கள்.