எந்த ஆயில் என்பதற்கு முன், எங்கே ஊற்ற?

திருச்சியிலிருந்து பைக்கில் கொடைக்கானல் கிளம்புகிறவர்களுக்கு மணப்பாறையைத் தாண்டியதும் வையம்பட்டி வந்துவிடும். திண்டுக்கல் வரை நான்கு வழிச் சாலை. கை தானாகவே ஆக்சிலரேட்டரை முறுக்கும். சித்திரை, வைகாசி என்றால் தார்ச்சாலையின் அனல் முகத்தில் அறையும். வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கினால் நிலைமை வேறு: இரண்டாவது கியர், ஓயாத கிளட்ச், 2,100 மீட்டருக்கு மேல் உயரம், ராத்திரியில் குளிர். ஒரே நாளில் ஒரு வண்டி இத்தனையும் படுகிறது. உள்ளே அதைத் தாங்குவது ஆயில்தான்.

ஆனால் ஆயில் வாங்கும்போது நாம் கேட்பது ஒரே கேள்வி: “எந்த கம்பெனி ஆயில் நல்லது?” பழைய புல்லட்டில் கைவைத்துப் பழகிய மெக்கானிக்கிடம் இதைக் கேட்டால், “எதுல ஊத்த, தம்பி?” என்று திருப்பிக் கேட்பார். அவர் கேட்பதுதான் சரியான கேள்வி.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து, அடுத்த ஆண்டு திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. அந்த வார்ப்பிரும்பு எஞ்சின் வண்டி 2010-ஐ ஒட்டிய காலம் வரை வந்துகொண்டிருந்தது. அதில் ஆயிலுக்கு மூன்று தனித்தனி அறைகள். எஞ்சினுக்கு ஒன்று, கிளட்ச்சும் பிரைமரி செயினும் இருக்கிற செயின் கேஸுக்கு ஒன்று, கியர் பாக்ஸுக்கு ஒன்று. மூன்றுக்கும் மூன்று வேலை.

எஞ்சினில் பொதுவாக 20டபிள்யூ-50. டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் ஸ்டார்ட் ஆவதற்கானது. 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் சோதிக்கிறார்கள். வையம்பட்டியிலோ கொடைக்கானலிலோ அந்தக் குளிர் கிடையாது. நமக்கு முக்கியம் பின்னால் உள்ள எண். 100 டிகிரி சூட்டில் 50 கிரேடு ஆயிலின் பிசுக்கு 16.3 முதல் 21.9 சென்டிஸ்டோக்ஸ் வரை இருக்க வேண்டும். 40 என்றால் 12.5-லிருந்து 16.3-க்குள். காற்றால் மட்டும் குளிர்கிற ஒற்றை சிலிண்டர், நெடுஞ்சாலை வெயில் இரண்டும் சேரும் இடத்தில் 50 கேட்பதற்குக் காரணம் இதுதான்.

செயின் கேஸில் வேலையே வேறு. அங்கே கிளட்ச் பிளேட்டுகள் ஆயிலில் நனைந்தபடியே ஒன்றையொன்று பிடிக்கவும் வேண்டும், லீவரை அழுத்தியதும் ஒட்டாமல் பிரியவும் வேண்டும். கெட்டி ஆயில் இருந்தால் காலையில் முதல் கியர் போடும்போது வண்டி துள்ளும். அதனால்தான் நம் மெக்கானிக்குகள் அங்கே ஏடிஎஃப் எனப்படும் சிவப்பு ஆயிலை ஊற்றுகிறார்கள். ஆட்டோமேடிக் கார்களின் கியர் பாக்ஸுக்காக, அதாவது நனைந்த கிளட்ச்சுகளுக்காகவே செய்யப்பட்ட ஆயில் அது. மெல்லியது, சூட்டில் சுமார் 7 சென்டிஸ்டோக்ஸ்தான். டிரெயின் செய்யும்போது அதை ஒரு வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். சிவப்பு மங்கிப் பழுப்பாகியிருந்தால் வயசு. கறுத்து, தீய்ந்த வாடை வந்தால் கிளட்ச் நழுவிக்கொண்டிருக்கிறது. ஆயிலை மாற்றுவதோடு பிளேட்டையும் பார்த்தாக வேண்டும்.

கியர் பாக்ஸுக்குத் தொண்ணூறு நம்பர் ஆயில். கேட்டவுடன் 50-ஐவிட ரொம்பக் கெட்டி என்று தோன்றும். அப்படியில்லை. கியர் ஆயிலின் அளவுகோல் தனி. 90 கிரேடு 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், எஞ்சின் ஆயிலின் 40-க்கும் 50-க்கும் கிட்டத்தட்ட சமம். வித்தியாசம் பற்கள் நசுக்கும் அழுத்தத்தைத் தாங்கச் சேர்க்கும் கந்தக, பாஸ்பரஸ் ரசாயனங்களில் இருக்கிறது. ஜிஎல்-5 என்ற தரக் குறியுள்ள ஆயிலில் அவை அதிகம். புல்லட் கியர் பாக்ஸின் வெண்கல புஷ்களை அவை சூட்டில் அரிக்கக்கூடும். ஜிஎல்-4 கேட்டு வாங்குவதே பாதுகாப்பு. கசிகிற பெட்டிக்கு கிரீஸ் கலந்து அடைக்கும் பழைய வழக்கமும் உண்டு. கெட்டியாக அடைத்துவிட்டால் புஷ்ஷுக்குள் ஆயில் போய்ச் சேராது, ஆகவே நெடும்பயணத்துக்கு முன் கசிவைச் சரிசெய்வதே மேல்.

2009-ல் அதே கம்பெனியின் கிளாசிக் வண்டி வந்தபோது எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒரே உடம்பாகியிருந்தன. மூன்று வேலையையும் ஒரே ஆயில் செய்கிறது. கம்பெனி சொல்வது 15டபிள்யூ-50 செமி சிந்தெடிக். லேபிளில் ஜாசோ எம்ஏ2 என்று இருக்க வேண்டும். நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்ற பிடிப்பு உண்டு என்பதற்கான ஜப்பானியத் தரக் குறி அது. எம்பி என்று இருந்தால் அது ஸ்கூட்டர்களுக்கு. ‘ரிசோர்ஸ் கன்சர்விங்’ என்று அச்சிட்ட கார் ஆயில் விலை குறைவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; கிளட்ச் நழுவி, மலையேற்றத்தில் எஞ்சின் உறுமும், வண்டி நகராது. ஒரே ஆயில் என்பதால் இன்னொரு சிக்கல்: சூட்டிலும் பிசுக்கைக் காக்க ஆயிலில் கலந்திருக்கும் நீண்ட மூலக்கூறுகளை கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கும். புதிதில் 50 ஆக இருந்தது சில ஆயிரம் கிலோமீட்டரில் 40 ஆகிவிடலாம். ஆயில் மாற்றும் கெடு நெருங்கும் வேளையில் லடாக் போன்ற நெடும்பயணம் வந்தால், மாற்றிவிட்டே கிளம்புங்கள்.

மூன்று அறை முறை அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் பெரிய வண்டிகளில் இன்றும் இருக்கிறது. மூன்றிலும் ஊற்றலாம் என்று அவர்களே ஒரு 20டபிள்யூ-50 சிந்தெடிக் விற்கிறார்கள். வசதிதான். ஆனால் அது அவர்களுடைய கிளட்ச், அவர்களுடைய கியரைப் பார்த்துச் செய்தது. நம் பழைய புல்லட்டுக்கு மூன்று ஆயிலே சரி என்பது என் தீர்மானமான கருத்து.

அளவு பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம். வாரக்கணக்கில் நின்ற பழைய புல்லட்டில் ஆயில் பம்ப்பைக் கடந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். டிப்ஸ்டிக் குறைவு காட்டும். அதை நம்பி மேலே ஊற்றினால், ஓடத் தொடங்கியதும் பிரீதர் வழியே பீய்ச்சும். சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்துப் பார்ப்பதுதான் முறை. கிளாசிக்கில் கண்ணாடி ஜன்னல் உண்டு. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்துப் பார்க்க வேண்டும்.

கம்பெனி எது என்பது இதற்கெல்லாம் பிறகுதான். திருவொற்றியூருக்குப் பக்கத்து மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் ஆலையிலேயே ஆயிலுக்கான மூலப்பொருள் தயாராகிறது. நம்மூர் ஆயில் என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. கிரேடும் குறியும் பொருந்தினால் போதும். காலி டப்பாவை மட்டும் முழுசாக விட்டுவராதீர்கள். போலி ஆயில் நிரப்ப அதைத்தான் தேடுகிறார்கள். உங்கள் கண்முன்னே அறுத்துப் போடச் சொல்லுங்கள். இறக்கிய கறுப்பு ஆயிலை மண்ணில் கொட்டவும் விடாதீர்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு.